நீ உட்காராத ஸ்டூல்

என் அம்மாவுக்கு, என் வடிவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கோபப்படாதே.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. நான் இன்னும் அழவில்லை. ஆஸ்பத்திரியில் அழவில்லை, மயானத்தில் அழவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். இவளுக்குத் துக்கமே இல்லை என்று சொல்லியிருப்பார்கள். இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. காலையில் எழுகிறேன், பல் தேய்க்கிறேன், ஆபீஸுக்குக் கழக்கூட்டம் பஸ்ஸைப் பிடிக்கிறேன். கடைசி வருடத்தில் உன் இடது கால் வலிக்காமலே போயிற்றே, கிள்ளினாலும் தெரியவில்லை என்று சொன்னாயே, அது மாதிரி.

அப்பா பதினேழாம் நாளே ஆட்டோவை எடுத்துவிட்டார். அதே தம்பானூர் ஸ்டாண்டுதான். சாம்பார் வைக்கப் பழகியிருக்கிறார், புளி தூக்கலாக இருக்கும், நான் ஒன்றும் சொல்வதில்லை. உன் படம் வீட்டில் மாட்டப்படவில்லை. சுவரில் ஆணி அடித்தால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்று உனக்குத் தெரியும். ஸ்ரீவராகத்தில் இருபது வருடமாக இருக்கிறோம். காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில்தானே கட்டித் தொங்கவிட்டோம்?

நீ வேலை பார்த்த கடையில் போன மாதம் ஒன்று நடந்தது. அதை நானே உன்னிடம் சொல்வதுதான் நியாயம். நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம், உனக்கு மலையாளம் பேச மட்டும்தான் வரும். அதனால் தமிழில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் முதலாளி அப்பாவுக்கு போன் செய்தார். அப்பா போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தார்.

“ஏ பிள்ள, கேட்டியா? கடையில உங்கம்மா படத்தப் பெருசு பண்ணி மாட்டியிருக்காவளாம். பட்டு செக்‌ஷனுக்கு நேரே. ஓணத்துக்கு முன்னாடி ஸ்டாஃபுக்கு ஒரு ஃபங்ஷன் வைக்காவ. அவ பேருல வருஷா வருஷம் ஒரு அவார்டு. நீதான் எடுத்துக் குடுக்கணுமாம்.”

“எதுக்கு அவார்டு?”

“நல்லா வேலை செய்யுதவளுக்கு. வேற எதுக்குக் குடுப்பாவ?”

அன்றைக்கு அப்பா இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார். நீ போனபிறகு அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. “நம்ம ஆளுகள்ல, வேலை பாத்த எடத்துல யாருக்குப் படம் மாட்டி வச்சிருக்கு, சொல்லு பாப்போம்?” என்றார். ரசம் ஊற்றினேன்.

அம்மா, நீ நின்றாய். உன்னைப் பற்றி யாரிடமாவது ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். கிழக்கேகோட்டையில் அந்தப் புடவைக் கடையில் இருபத்தாறு வருடம், காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி எட்டரை வரை. புடவை பார்க்க வருகிறவர்களுக்கு மெத்தை தைத்த ஆசனம். புடவையை விரித்துக் காட்டுகிறவளுக்கு வெறும் தரை. நான் உன் வயிற்றில் இருந்தபோதும் நின்றாய். கக்கூஸ் நான்காம் மாடியில் என்பதால் தண்ணீர் குடிக்காமல் நின்றாய்.

வீட்டுக்கு வந்தும் உட்கார மாட்டாய். நின்றபடியே சாப்பிடுவாய், தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு. என்னையும் அப்படித்தான் வளர்த்தாய். ஜன்னல் பலகையில் புத்தகத்தை வைத்து நின்றுகொண்டு படிக்க வைத்தாய், தூக்கம் வராதாம். “ஏட்டி, உக்காந்தா உக்காந்ததுதான், அப்பொறம் எவளுக்கும் எந்திரிக்கத் தோணாது” என்பாய். பத்தாம் வகுப்பு முழுக்க நான் நின்று படித்தவள். மார்க் வந்தது. அதற்கு என் கால்தான் காரணம் என்று நீ ஊரெல்லாம் சொன்னாய்.

எங்கிருந்து வந்தது இது என்று எனக்குத் தெரியும். வள்ளியூர்ப் பக்கம் செங்கல் சூளை. எட்டு வயதில் கல் சுமந்தாய். உட்கார்ந்ததை மேஸ்திரி பார்த்தால் அரைநாள் கூலி போச்சு, வீட்டில் அன்றைக்கு உலை கிடையாது. அந்தச் சூளையை நீ ஒருநாளும் சபித்ததில்லை. “அதுதான் என்னைய ஆளாக்கிச்சு” என்றாய். எனக்கு அந்த வாக்கியம் பிடிக்கவே இல்லை. எட்டு வயதுக் குழந்தையை அடித்து நிமிர்த்திய இடத்துக்கு, அந்தக் குழந்தையே வளர்ந்து நன்றி சொல்லவேண்டுமா?

பிறகு சட்டம் வந்தது. இந்த மாநிலத்தில் உன்னைப் போன்ற பெண்கள் தெருவில் இறங்கிக் கேட்டு, கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார உரிமை உண்டு என்று எழுதி வாங்கினார்கள். உன் கடைக்கும் நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. நீலநிறம். அன்றைக்கு நீ வீட்டுக்கு வந்து சொன்னாய்: “சட்டம் உக்காருங்குது. எனக்குத்தான் உக்காந்தா கைகாலு எங்க வைக்கன்னு தெரியல.” நானும் அப்பாவும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். அந்த ஸ்டூல்களில் பிளவுஸ் துணிப் பெட்டிகளை அடுக்கி வைத்ததையும் நீதான் சொன்னாய். எடுக்க வசதியாக இருக்கிறதாம்.

உன் காலைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. கறுத்துப்போன அந்தத் தோலையும், ஆறாத புண்ணையும், நீ சுவரில் கால் தூக்கி வைத்துப் படுப்பதையும் நானும் அப்பாவும் பார்த்தோம், அது போதும். நீ கடைக்குக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் மூச்சு முட்டி விழுந்தாய். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். சின்ன வயது. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். “அம்மைக்கு எந்தாயிருந்நு ஜோலி? நின்னு செய்யுந்ந பணியாணோ?” என்று கேட்டார். ஆமாம், நின்று செய்கிற வேலைதான் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எழுதினார். அதை எங்கே எழுதினார், யார் படிப்பார்கள், தெரியாது.

ஃபங்ஷனுக்கு ஒரு வாரம் முன்பு பிந்து சேச்சியைக் கிழக்கேகோட்டையில் பார்த்தேன். உன் பக்கத்துக் கவுண்டர் பிந்து, நெய்யாற்றின்கரையிலிருந்து வருகிறவள். பஸ் நிழற்குடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வளைந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

“மோளே, ஒண்ணு நில்லு. ஒரு காரியம் பறயட்டே?”

“சொல்லுங்க சேச்சி.”

“அம்மா படம் கொள்ளாம், நல்ல படம். பக்ஷே அதை வச்ச பிறகு ஒருத்தரும் ஸ்டூல்ல இரிக்கறதில்ல மோளே. யாராவது ஸ்டூல் பக்கம் போனா முதலாளி ஏச மாட்டாரு. ஒண்ணும் பறயவும் மாட்டாரு. அந்தப் படத்தைப் பாத்து ஒரு கும்பிடு போடுவாரு. அவ்வளவுதான். பின்னே எவ இரிப்பா?”

அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. டாக்டர் இரண்டு மாதம் ஓய்வு சொல்லியிருக்கிறார். ஓண சீசனில் லீவு எடுத்தால் பிறகு கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று பயந்து வந்துவிட்டாள். “இரிக்கான் பற்றியா மதி, எனக்கு வேற ஒண்ணும் வேண்டா” என்றாள். உட்கார முடிந்தால் போதுமாம். ஒரு மனுஷி இந்த உலகத்திடம் கேட்கிற சலுகை அது.

நான் ஒன்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்னவோ. “எங்கம்மா இருந்தப்போ நீங்க உக்காருவீங்களா?”

பிந்து சேச்சி கம்பியை மறு கைக்கு மாற்றிப் பிடித்தாள். “நீ விஷமிக்காதே, சங்கடப்படாதே. சத்யம் பறயாம். சின்னவ என் வயித்துல ஏழு மாசம். ஸ்டூல் அப்போதான் வந்தது. நான் போய் அதுமேல உக்காந்தேன். வடிவக்கா வந்தாங்க. ‘எந்திரிட்டி, கஸ்டமர் பாக்காவ, நம்ம எல்லாரையும் பத்தி என்ன நெனப்பாவ’ன்னு சொல்லி ஸ்டூலை எடுத்துட்டுப் போயி பெட்டியை அடுக்கிட்டாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, நின்னேன். சாயந்திரம் சாப்பாட்டு ரூம்ல தேங்காயெண்ணெ கொண்டுவந்து என் காலைப் பிடிச்சுவிட்டாங்க. பிரசவம் வரை, ஒரு நாள் விடாம. நான் வேண்டாம்னாலும் விட மாட்டாங்க. ஸ்டூலை எடுத்ததும் அவங்கதான். காலு பிடிச்சதும் அவங்கதான். நான் எதை மறக்கணும், சொல்லு.”

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

ஏன் அம்மா எடுத்தாய்? முதலாளி கண்ணில் அவள் பட்டுவிடக்கூடாது என்றா? அல்லது அவள் உட்கார்ந்தும் கடை நடந்துவிட்டால், நீ நின்ற வருடங்கள் எல்லாம் நிற்காமலே நடந்திருக்கும் என்று ஆகிவிடுமே, அந்த பயமா? உன்னிடம் அன்பு இருந்தது. அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் உனக்கு அடுத்தவளின் காலைப் பிடித்துவிடத் தெரிந்தது, அந்தக் கால் வலிக்காமல் இருக்கும்படி செய்யலாம் என்று தோன்றவில்லை. உங்கள் தலைமுறையே அப்படித்தான் என்று சிலர் பெருமையாகப் பேசுகிறார்கள். கஷ்டம் தாங்கினவர்கள், வாய் திறக்காதவர்கள். வாய் திறக்காதவர்களால் யாருக்கு லாபம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், நான் அவார்டு கொடுக்க வரமாட்டேன் என்றேன். அந்தப் படத்தைக் காட்டித்தான் பிந்து சேச்சியை நிற்க வைக்கிறார்கள் என்றேன். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஏ, உனக்கு எல்லாத்துலயும் ஒரு கொறை. உங்கம்மாவுக்கு ஒரு மரியாத செய்யுதாவ, அது பொறுக்கல.”

“அந்த மரியாதைதான் அவள கொன்னுச்சுப்பா.”

“அவ நின்னுதான் உன்னைய உக்கார வச்சா. மறந்திராத.”

உண்மை அது. என் ஆபீஸ் நாற்காலியின் போட்டோவை உன்னிடம் காட்டியபோது, “இம்புட்டுப் பெரிய சேரா? தூக்கம் வராதா ஏட்டி?” என்று கேட்டாயே. “சாயாத, யாராவது பாப்பாவ” என்றும் சொன்னாய். இரண்டு வருடமாக நான் அந்த நாற்காலியின் முன்விளிம்பில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாள்கூடச் சாய்ந்ததில்லை. பக்கத்து சீட்டுப் பையன் “உமா, பஸ் வரப்போகுதா?” என்று கேலி செய்வான்.

கடைசியில், “அதுக்காக பிந்து சேச்சியும் நிக்கணுமாப்பா?” என்று மட்டும் கேட்டேன். அப்பா ஆட்டோ துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

போனேன் அம்மா. ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறக்கும் முன். நாலு நாற்காலி போட்டிருந்தார்கள், முதலாளிக்கும் அவர் மனைவிக்கும் எனக்கும் அப்பாவுக்கும். உன் கூட்டாளிகள் பத்தொன்பது பேரும் யூனிஃபார்ம் புடவையில் பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி வரிசையாக நின்றார்கள். உன் படம் ஐடி கார்டிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. அதிலும் நிமிர்ந்து நில் என்று யாரோ சொன்னதுபோலத்தான் இருக்கிறாய். சாமந்தி மாலை.

முதலாளி பேசினார். “வடிவக்கா உக்காந்து நான் பாத்ததே இல்ல. சட்டம் ஸ்டூல் குடுத்துச்சு, அவங்க உக்காரல. ஏன்? இது என் கடைன்னு நெனச்சாங்க. அந்தக் காலத்து வளர்ப்பு. கஷ்டம் தெரிஞ்சவங்க. இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு வந்து நின்ன ஒடனே காலு வலிக்குது.” சிரித்தார். வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எங்கே சிரிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

உன் கடை என்றால் ஒரு தடவையாவது கல்லாவில் உட்கார்ந்திருப்பாயே?

அவார்டு யாருக்குத் தெரியுமா? பிந்து சேச்சிக்கு. ஆபரேஷன் முடிந்து மூன்றே வாரத்தில் டியூட்டிக்கு வந்த அர்ப்பணிப்புக்கு. அவர் அதைச் சொன்னபோது கைதட்டல் கேட்டது. பரிசு ஒரு பித்தளை நிலவிளக்கு. என் கையில் தந்தார்கள். என்ன கனம். வயிற்றில் தையல் காயாத ஒருத்தி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எதிரே நிற்கிறாள்.

நான் விளக்கை மேசையில் வைத்துவிட்டு உன் கவுண்டருக்குப் பின்னால் போனேன். ஸ்டூல் அங்கேதான் இருந்தது, அதன்மேல் நீ அடுக்கத் தொடங்கிய பெட்டிகளும். ஒவ்வொன்றாக இறக்கினேன். ஸ்டூலைக் கொண்டுவந்து உன் படத்துக்குக் கீழே போட்டேன்.

“சேச்சி, இரிக்கு. நீங்க உக்காந்தாத்தான் விளக்கு.”

“வேண்டா மோளே. பரவாயில்ல. நின்னு வாங்கிக்கறேன்.”

அவள் முதலாளியைப் பார்த்துப் பயந்தாள் என்று நினைக்கிறாயா? இல்லை. அவள் நிமிர்ந்து உன்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் என் குரல் உயர்ந்துவிட்டது. “எங்கம்மா ஆசைப்பட்டு நிக்கல. காலு வலிச்சு வீட்டுல பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கா. அந்தக் காலுல கட்டுன ரத்தம்தான் அவள கொன்னுச்சு. அவ நின்னதுக்கு அவார்டு குடுக்காதீங்க. நிக்க வச்சதுக்கு யாராவது பதில் சொல்லுங்க.” அவ்வளவுதான் பேசினேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. முதலாளி தன் மனைவியிடம், “பாவம், அம்மா ஞாபகம்” என்றார். பிந்து சேச்சி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். என் கோபத்தால் அவள் வேலைக்கு உலை வைத்துவிட்டேனோ என்று அந்த நிமிடம்தான் உறைத்தது.

அப்பா எழுந்தார். அவர் பேசுவார் என்று நான் நினைக்கவே இல்லை. ஸ்டூலின் மேல் இருந்த தூசியைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்தார்.

“இரி மோளே” என்றார் பிந்து சேச்சியிடம். “நான் முப்பது வருஷமா உக்காந்தேதான் சம்பாதிக்கேன். ஒண்ணும் கொறஞ்சிரல. வடிவு சொல்லுதான்னு வச்சுக்கோ. அவளுக்கு இதச் சொல்லத் தெரியல. நான் சொல்லுதேன்.”

பிந்து சேச்சி உட்கார்ந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. உட்கார்ந்ததும் அவளிடமிருந்து ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சை வரிசையில் நின்ற எல்லாரும் கேட்டார்கள்.

விளக்கை நான் அவள் மடியில் வைக்கவில்லை, காலடியில் வைத்தேன். போகும்போது அப்பா முதலாளியிடம், “படத்தைக் கொண்டுபோறோம் முதலாளி, வீட்டுல ஒண்ணும் இல்ல” என்றார். மாட்டினது மாட்டினதாகவே இருக்கட்டுமே என்றார் அவர். அப்பா அதற்குள் மாலையைக் கழற்றிவிட்டார்.

ஆட்டோவில் நீ என் மடியில் வந்தாய். கண்ணாடியில் அப்பாவின் முகம் தெரிந்தது. வீட்டில் எங்கே மாட்டுவது? ஆணி கிடையாது. அப்பா முன் அறையில் இருக்கிற சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு, அதில் உன்னை வைத்து, பின்பக்கம் சாய்த்துவிட்டுக் கை கழுவப் போனார். யோசித்துச் செய்ததில்லை. வேறு இடம் இல்லை, அவ்வளவுதான். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ நாற்காலியில் இருந்தாய். சாய்ந்திருந்தாய். இந்த வீட்டில் இருபது வருடத்தில் நான் பார்க்காத காட்சி.

அப்போதும் அழவில்லை. ஆனால் பசித்தது. பத்து மாதத்தில் முதல் தடவையாக, சாப்பாட்டு நேரத்துக்குப் பசித்தது.

நேற்று பிந்து சேச்சி கூப்பிட்டாள். இரண்டு ஸ்டூல் காலியாக இருக்கிறதாம். கூட்டம் இல்லாதபோது மாறி மாறி உட்காருகிறார்களாம். முதலாளி பார்க்காததுபோல் போகிறாராம். ஓணம் முடியும்வரை அவருக்கு ஆள் வேண்டும். முடிந்தபிறகு என்ன செய்வார் என்று தெரியவில்லை. எனக்கு நம்பிக்கை இல்லை அம்மா, பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் சில வார்த்தைகள் கொடுக்கிறேன். பிந்து சேச்சியை அனுப்பினால், அவள் கையைப் பிடித்துக்கொண்டு லேபர் ஆபீஸுக்கு நான் போவேன், எத்தனை நாள் லீவு போட வேண்டியிருந்தாலும். மாதம் ஒருமுறை உன் கடைக்குப் புடவை பார்க்கிற சாக்கில் போவேன். ஸ்டூலில் பெட்டி இருந்தால் என் கையாலேயே இறக்குவேன். நாளைக்கு ஆபீஸில் என் நாற்காலியில் சாய்ந்து உட்காருவேன், யார் பார்த்தாலும். உன் படத்துக்கு இந்த வீட்டில் ஒருநாளும் ஆணி அடிக்கமாட்டேன்.

விருந்தாளி வந்தால் தரையில் பாய் விரித்துக்கொள்கிறோம். நாற்காலி உனக்குத்தான். எழுந்திருக்காதே.

நீ நின்று பெற்று, நின்று வளர்த்த
உன் ஏட்டி,
உமா